படத்தின் மூலையில் மஞ்சள்

லூயிஷாம்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய கிருஷ்ணராசா மாமாவுக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டு போன அன்று, அம்மாவின் படிக் கைப்பிடிக்கு நீங்கள் கீறித் தந்த படத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துக் கம்பிப் பட்டறை றொமேஷ் அண்ணை செய்த வேலையிலும் பிழை இல்லை என்பதையும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் சொல்லியிருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்குப் பயந்து, உங்கள் குடையைக் கையில் வைத்தபடி நின்றேன். குடை இன்னும் இங்கேதான் இருக்கிறது.

முறைப்படி முதலில் சுகம் விசாரித்திருக்க வேண்டும், மன்னியுங்கள். நீங்களும் நகுலேஸ்வரி மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் மிகவும் சுத்தமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் எப்போது போன் எடுத்தாலும், “அவர் குளிக்கிறார் பிள்ளை” என்றுதான் மாமி சொல்கிறார். காலையிலும் குளிக்கிறீர்கள், மத்தியானமும் குளிக்கிறீர்கள், செய்தி நேரத்திலும் குளிக்கிறீர்கள். இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அம்மாவின் புது முழங்கால் நலம். அம்மாதான் நலமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நீங்களும் நானும் தாங்கி ஏற்றியதுதான், அதற்குப் பிறகு அம்மா வாசல்படி இறங்கவில்லை. பயிற்சி கொடுக்க வருகிற பெண், பிடிக்க ஒரு கைப்பிடி இருந்தால் இன்றைக்கே இறங்கலாம் என்கிறார். கவுன்சிலும் ஒரு கைப்பிடி போட்டுத் தருவதாகச் சொன்னது. அம்மா கேட்பாரா? “என்ர அண்ணை உயிரோட இருக்கேக்க நான் ஏன் கவுன்சிலிட்டக் கம்பி கேக்க வேணும்? அண்ணை கீறின கம்பியைப் பிடிச்சுத்தான் இறங்குவன்” என்று அந்த உத்தியோகத்தருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து அனுப்பிவிட்டார். இப்போது உங்கள் கம்பியும் இல்லை, கவுன்சில் கம்பியும் இல்லை, நீங்களும் இல்லை. சிவன் கோயில் நடந்து போகிற தூரம். அம்மா ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். இலையான் பறந்தாலும் “அண்ணையோ?” என்கிறார்.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். நான் நடுவில் நின்றேன், அதனால் எழுதுகிறேன். றொமேஷ் அண்ணை டூட்டிங்கில் இருக்கும் தன் பட்டறையிலிருந்து கம்பியை வாகனத்தில் கட்டிக்கொண்டு வந்து, இறக்கி, துடைத்து, பளபளவென்று படியோடு சேர்த்துப் பிடித்தார். எங்கள் படி நேரே ஏறி வலப்பக்கம் திரும்புகிறது. கம்பி நேரே ஏறி இடப்பக்கம் திரும்பியது. திருப்பிப் பிடித்தார், சரிவு மாறியது. கவிழ்த்துப் பிடித்தார், கம்பியின் கால்கள் வானத்தைப் பார்த்தன. அப்போது நீங்கள் வாய் திறந்தீர்கள்.

“என்ன தம்பி இது, குப்பைவாளிக்குக் கைப்பிடியோ?”

“அங்கிள், நீங்கள் கீறினதைத்தான் செய்தனான்.”

“நான் கீறினதோ? ஜேர்மனியில இருபது வருசமா இதைத்தான் கீறினனான். அங்க ஒருத்தனும் பிழையெண்டு சொல்லேல்லை.”

“அது ஜேர்மனி அங்கிள், இது லண்டன்.”

“ஓமோம், இஞ்ச றோட்டிலயே பக்கம் மாறித்தானே ஓடுறியள். படத்தை மட்டும் நேரா வாசிப்பியளோ?”

“மேலயிருந்து பாக்கிற தோற்றத்தைக் கொண்டுபோய் முகப்புக்குக் கீழ கீறி வைச்சிருக்கிறியள். கீழ கீறினா அது கீழயிருந்து பாக்கிறது. நாங்கள் கொலிஜ்ஜில அப்பிடித்தான் படிச்சது.”

“படியைக் கீழயிருந்து பாக்க நான் என்ன எலியோ?”

“எலியோ இல்லையோ அங்கிள், படம் அப்பிடித்தான் சொல்லுது.”

மாமா, அவர் உங்களை எலி என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு ஓடியதுதான் அவர் செய்த தவறு. ஆனால் நீங்கள் ஜன்னலில் நின்ற அம்மாவைப் பார்த்து, “சிவமலர், உன்ர வீட்டுக்கு இனி எலி வராது” என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் பிடித்த பெருமழையில் குடையும் இல்லாமல் ஸ்டேசனுக்கு நடந்தீர்கள். அம்மாவுக்கு ஜன்னலைத் திறக்கத் தெரியவில்லை, அது புது ஜன்னல். அவர் உள்ளே நின்று “அண்ணை, அண்ணை” என்று கண்ணாடியில் தட்டியது உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

பிறகு அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். ஜன்னல் கம்பெனியில் நாள் முழுக்க இப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் முதல் முறையாக ஒரு பால்பெட்டியை வைத்துக்கொண்டு விளக்கினேன். பெட்டியின் முகப்பை முதலில் கீறுகிறோம். பிறகு பெட்டியை நம் பக்கமாகக் கவிழ்த்து உருட்டினால் அதன் தலை தெரியும், அதை முகப்புக்குக் கீழே கீறுகிறோம். இது மாமாவின் முறை, முதற்கோணம், ஜேர்மனியில் இதுதான். பெட்டியை உருட்டாமல் வெட்டி விரித்தால் மூடி முகப்புக்கு மேலே போய் நிற்கும், அங்கேயே கீறுகிறோம். இது றொமேஷ் அண்ணையின் முறை, மூன்றாம் கோணம். இரண்டும் சரி. ஒன்றில் கீறியதை மற்றதில் வாசித்தால் வலம் இடமாகிவிடும், அவ்வளவுதான். அம்மா மிகக் கவனமாகக் கேட்டார். இரண்டாம் கோணம் எங்கே போனது என்று கேட்டார். அதை ஒருவரும் பாவிப்பதில்லை என்றேன். “பாவம்” என்றார். பிறகு, “எல்லாம் சரி பிள்ளை, அதுக்குள்ள இருந்த பால் எங்க?” என்றார்.

இனி அந்த மூன்றாவது விஷயம். எந்த முறையில் கீறியது என்று வாசிப்பவனுக்குச் சொல்லப் படத்தின் மூலையில் ஒரு குறி போடுவார்கள், தலை வெட்டிய ஒரு கூம்பும் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டமும். நீங்கள் அதைப் போடாமல் விட்டிருப்பீர்களா? போட்டிருந்தீர்கள். நீங்கள் படத்தைக் கொடுத்துவிட்டுப் போன அன்று அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, கலியாண அழைப்பிதழுக்கு வைப்பது போல நான்கு மூலைக்கும் மஞ்சள் குழைத்துப் பூசியிருக்கிறார். அண்ணை கீறின படம் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே பூசியிருக்கிறார். கூம்பும் வட்டங்களும் மஞ்சளுக்கு அடியில் போய்விட்டன. நான் வேலையால் வருவதற்குள் றொமேஷ் அண்ணை வந்து படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கிள் சாப்பிட்டுக்கொண்டே கீறியிருக்கிறார், சொதி கொட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தாராம். உங்களுக்கு மரியாதை கொடுத்து அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம்.

நீங்கள் அன்று படத்தை வாகனத்தின் மேல் விரித்து அடித்துக் காட்டியபோதுதான் நான் அந்த மஞ்சளைப் பார்த்தேன். பார்த்தவுடனே விளங்கிவிட்டது. நிமிர்ந்தால் ஜன்னலில் அம்மா, இரண்டு கையாலும் ஊன்றுதடியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கம்பியைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவருக்கு அங்கிருந்து தெரியவில்லை. இன்று வரை அம்மாவுக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லக்கூடாது.

அந்தக் கம்பி வீணாகவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களோடு ஒட்டிய வீட்டு மிஸ் போலினை உங்களுக்குத் தெரியும், முன்பு பஸ் ஓட்டியவர். இரண்டு வீட்டையும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் தெரிவது போலக் கட்டியிருக்கிறார்கள், அவருடைய படி இடப்பக்கம் திரும்புகிறது. வேலியில் சாய்ந்து கிடந்த கம்பியை நாலு நாள் பார்த்துவிட்டு, இது யாருக்கும் வேண்டுமா என்று கேட்டார். றொமேஷ் அண்ணை வந்து பூட்டிக் கொடுத்தார். அளந்து செய்தது போல, இல்லை, அளந்துதானே செய்தது, அப்படியே பொருந்திவிட்டது. மிஸ் போலின் இப்போது தினமும் காலையில் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறார். அம்மா ஜன்னலில் இருந்து, “என்ர அண்ணை கீறின கம்பி. அவ போறா, நான் இருக்கிறன்” என்கிறார்.

ஆகவே மாமா, உங்கள் கையால் இன்னொரு முறை கீறித் தாருங்கள். இந்த முறை மட்டும் மூன்றாம் கோணத்தில். உங்கள் முறை பிழை என்பதற்காக இல்லை. வாசிக்கிறவர் டூட்டிங்கில் இருக்கிறார் என்பதற்காக. றொமேஷ் அண்ணையும் அன்றிலிருந்து முகம் செத்துப்போய்த்தான் திரிகிறார். படத்தை நேரே என்னிடம் தாருங்கள், மஞ்சள் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. அல்லது படமே வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள்.

உங்கள் இருவருடைய ஆசீர்வாதத்தையும் வேண்டி, குளித்துத் தலை துவட்டியதும் ஒரு போன் எடுப்பீர்கள் என்று காத்திருக்கும்,

உங்கள் மருமகள்
தக்ஷிகா

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்குவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. மேலே எழுதியது ஒன்றும் இனித் தேவையில்லை. காலையில் றொமேஷ் அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் புதுக் கம்பியோடு வந்து இறங்கினார். நீங்கள் ஏற்கெனவே ஒரு படம் கீறி, ஒரு வார்த்தையும் எழுதாமல், மாமியின் போனில் அவருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் மூன்றாம் கோணத்தில், மூலையில் குறியோடு, அவருக்காக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் சுற்றியிருந்த பிளாஸ்ரிக்கைப் பிரித்தார். கம்பி நேரே ஏறி இடப்பக்கம் திரும்பியது.

அவர் அப்படியே படியில் குந்திவிட்டார். “தங்கச்சி, அங்கிளின்ர படம் எண்டா அங்கிளின்ர முறையிலதான் வாசிக்க வேணுமெண்டு நினைச்சன். நான் வேற வேலைக்குப் போகேக்க, பட்டறையில நிண்ட போலந்துக்காரனுக்குச் சொன்னன், இது முதற்கோணம், மூலையைப் பாக்காத, அப்பிடியே செய் எண்டு. அவனும் ஐரோப்பாக்காரன்தானே, சந்தோசமாச் செய்து சுத்தி வைச்சிட்டான்.”

நீங்கள் அவருக்காக மாறிவிட்டீர்கள், அவர் உங்களுக்காக மாறிவிட்டார். இதை அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஊன்றுதடிச் சத்தம் கேட்டது. “இறங்கேக்க ஒபரேசன் கால் முதல், ஏறேக்க நல்ல கால் முதல்” என்று தேவாரம் போலச் சொல்லிக்கொண்டு, ஒரு கையில் தடியும் மறு கை சுவரிலுமாக, அம்மா கீழே வந்துவிட்டார். வந்து, றொமேஷ் அண்ணையின் போனை வாங்கி, உங்கள் படத்தைப் பெரிதாக்கி, நான்கு மூலையையும் பார்த்தார்.

“இதுக்கு ஆர் மஞ்சள் வைச்சது?”

“ஒருத்தரும் வைக்கேல்லை அன்ரி.”

“அதுதான்” என்றார் அம்மா.

முதல் படத்து மஞ்சளைப் பற்றி இன்றும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

பிறகு அம்மா படியைத் திரும்பிப் பார்த்தார். “இறங்கினதுதான் இறங்கியாச்சு. ஏறிறதுக்கு முன்னம் அண்ணையைப் பாத்திட்டு வருவம்” என்று வாகனத்தின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னால் கம்பியோடும் உங்கள் குடையோடும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படி.

செவன் கிங்ஸ், உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி கதவைத் திறந்து, நீங்கள் குளிக்கிறீர்கள் என்றார். அம்மா நம்பவில்லை. மேலே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அம்மா “ஏறேக்க நல்ல கால் முதல்” என்றபடி உங்கள் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறார்.