எங்கள் வீட்டுப் பழைய டிவியைச் சட்டப்படி அகற்றிய விவரம்

பிஷ்கெக்,
வியாழக்கிழமை.

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் ஷர்ஷெனுக்கு,

அத்தான் தெமிர்குல் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா புருலும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் குதிரைகள் நலமா? ஆடுகள் கொழுத்தனவா? பனி விழுமுன் வைக்கோல் வந்து சேர்ந்ததா? இவையெல்லாம் நலமென்றால் உங்கள் மனைவி மக்களும் நலமாகத்தான் இருப்பார்கள், தனியாக விசாரிக்கவில்லை.

நம் பெண் சைகலுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதற்காக உங்கள் அக்கா சுவரில் மாட்டுகிற தட்டை டிவி ஒன்றை வாங்கிவிட்டாள். பழைய டிவியோ, பின்பக்கம் பெருத்த அந்தக் காலத்துப் பெட்டி, கூடத்தின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் தலைமேல், மாஸ்கோவுக்கு வேலைக்குப் போன மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர் மானிட்டர் வேறு. "சம்பந்தி அம்மாவை அது மேலயா உக்கார வைக்கப் போறீங்க? தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றாள். தூக்குவதில் எனக்குச் சிரமமில்லை மச்சான். போடுவதில்தான் சிக்கல்.

ஏனென்றால் வசந்த காலத்தில் எங்கள் மூன்றாம் மாடி எர்மெக் தன் பழைய டிவியைக் குப்பைத் தொட்டி ஓரம் வைத்தான். ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் செம்புக் கம்பிக்காக யாரோ அதை உடைத்துவிட்டார்கள். குழந்தைகள் விளையாடும் இடமெல்லாம் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது என்று நான் பத்திரிகையில் படித்திருந்தேன். சும்மா இருப்பேனா? டிராலிபஸ் ஓட்டிய காலத்தில் பயணிகளை அதட்டிய அதே குரலில், பெஞ்சின்மேல் ஏறி நின்று, "இது குப்பை இல்லடா எர்மெக், விஷம்! உன் வீட்டுச் சோத்துல கொட்டுவியா?" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். குடியிருப்புத் தலைவி தமாரா அக்கா கைதட்டி, அங்கேயே என்னைச் சுற்றுச்சூழல் பொறுப்பாளராக்கிவிட்டார். அன்றிலிருந்து எர்மெக் ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடிக்கிறான். என் டிவி எப்போது கீழே இறங்கும் என்று பார்க்கிறான்.

ஆகவே சட்டப்படியே செய்வதென்று ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "அது ஆபத்தான கழிவுங்க, நாங்க தொட மாட்டோம்" என்றாள் ஒரு பெண். யார் தொடுவார்கள் என்றேன். இன்னொரு எண் கொடுத்தாள். அங்கே இருந்த ஆள், "நீங்க நிறுவனமா, தனி ஆளா?" என்றான். தனி ஆள்தான், ஒரு மனைவி உண்டு என்றேன். "நிறுவனங்ககிட்ட மட்டும்தான் வாங்குவோம். நீங்க ஒரு கம்பெனி ஆரம்பிச்சிட்டுக் கூப்பிடுங்க." ஒரு டிவியைத் தூக்கிப்போட ஒரு கம்பெனி! ஆரம்பித்தால் அந்தக் கம்பெனிக்கு மேசை வேண்டும், மேசைமேல் மானிட்டர் வேண்டும், அப்புறம் அதை யார் வாங்குவார்கள்?

அவர்கள் இடத்துக்கே நேரில் போனால் இரங்குவார்கள் என்று நினைத்து, டிவியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மினிபஸ்ஸில் ஏற்றினேன். டிரைவர் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்கச் சொன்னான். வாங்கியபின் அதை இருக்கையில் உட்காரவைத்து நான் நின்றுகொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி விரிப்பைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டம்மாவா? உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். வயதாகிவிட்டது, படம் தெரிவதில்லை என்றேன். பாவம், இறங்கும்வரை அதற்காக துவா செய்துகொண்டே வந்தார்.

ஊர்க்கோடியில் அந்த இடத்தின் வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதன். "அக்சகால், பெரியவரே, உங்கள மாதிரி ஒழுங்கா கொண்டுவர்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று நெஞ்சில் கைவைத்து வணங்கினான். பிறகு கதவைச் சாத்திவிட்டான். கிடங்கு நிரம்பிவிட்டதாம். உள்ளேயிருந்து அதிகாரி ஒருவர் எட்டிப்பார்த்து, பொதுமக்களுக்கான சேகரிப்பு மையம் திறக்கும்வரை குடிமக்கள் இவற்றை உடைக்காமல், நனையாமல், உலர்ந்த வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதுவே சட்டம் என்றார். எப்போது திறக்கும் என்றேன். "திறக்கும்போது" என்றார்.

திரும்பி வந்தால் முற்றத்தில் எர்மெக். "என்ன பெரியவரே, டிவியைக் காத்தாட வெளியில கூட்டிட்டுப் போனீங்களா?" என்றான். எனக்கு இடுப்பும் போய்விட்டது, மானமும் போய்விட்டது. ஆனால் அவன் சிகரெட்டை அணைத்துவிட்டு, "சரி, ஒரு பக்கம் பிடிங்க" என்று வந்தான். ஐந்தாம் மாடிவரை இருவரும் சுமந்தோம். வழியில், "அன்னைக்கு எனக்கும் எங்க குடுக்கறதுன்னு தெரியல. நீங்க கத்துனீங்களே தவிர, எங்கன்னு சொல்லவே இல்ல" என்றான். மூச்சு வாங்குகிற மாதிரி நின்றுகொண்டேன்.

உங்கள் அக்கா கதவைத் திறந்து, "போன மச்சான் திரும்பி வந்தாரா!" என்றாள். டிவியைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை. நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன்: சட்டம் சட்டம்தான். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தாலும் டிவியும் மானிட்டரும் இந்த வீட்டை விட்டு நகராது. சைகலும், "அப்பா சொல்றது சரிதாம்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை ஓர் உதவியும் கேட்டு எழுதவில்லை மச்சான். மனம் ஆறுவதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

உங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், பிள்ளைகளுக்கு மூத்தோரின் ஆயுள் சேரட்டும்.

இப்படிக்கு,
அத்தான் தெமிர்குல்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் எர்மெக்கின் மைத்துனர், உங்கள் ஊர் அத்-பாஷிக்கு லாரி ஓட்டுகிறார். லாரியில் விரிப்பு சுற்றிய மூட்டைகள் இரண்டு இருக்கும். நானும் எர்மெக்கும்தான் ஏற்றினோம். இறக்கும்போது உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு டீ கொடுங்கள். உலர்ந்த வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதுதான் சட்டம். யாருடைய வீட்டில் என்று சட்டம் சொல்லவில்லை.