எந்த வெள்ளை, மச்சான்?

நாவற்குடா,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய வேலப்போடி மச்சானுக்கு,

வினாயகமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. வெள்ளவத்தையில் நீங்களும் அக்காவும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாய் இருப்பீர்கள். நான் சுகமாய் இல்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அக்கா பக்கத்தில் நின்று கேட்டால் விசயம் அன்றைக்கே மெல்பேண் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் எனக்குத் தெரிந்த கொழும்பு பஸ் ட்ரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் தங்கச்சி பாலசுந்தரி, மகள் கிருசிகாவின் பிள்ளைப்பேற்றுக்கு மெல்பேண் போகும்போது ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "இந்த வெள்ளை அலுமாரியும் கதிரையளும் மஞ்சளாப் போச்சு. நான் வாறத்துக்குள்ள பெயின்ட் அடிச்சு வைங்க." ஓம் என்றேன். பிறகு அவள் போனில் கேட்கக் கேட்க, முதலில் "நடக்குது" என்றேன், அப்புறம் "முடிஞ்சுது" என்றேன். மச்சான், அப்போது நான் பிறஷ்கூட வாங்கியிருக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை அவள் வருகிறாள், நீங்கள்தான் விமான நிலையத்துக்குப் போகப்போகிறீர்கள்.

பதறிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். பெயின்ட் கடையில் நின்ற றிஸ்னா என்ற பிள்ளை, "எந்த வெள்ளை அங்கிள்?" என்று கேட்டது. "வெள்ளையில என்ன மகள் எந்த வெள்ளை?" என்றேன். ஓர் அட்டையை விரித்துவிட்டது. பால் வெள்ளை, முத்து வெள்ளை, தந்த வெள்ளை, முட்டைக்கோது வெள்ளை. "மினுங்கிறதா, மினுங்காததா? எண்ணெய்ப் பெயின்டா, தண்ணிப் பெயின்டா?" பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து எத்தனை பஸ்ஸை அனுப்பினவன் நான், அங்கே அட்டையைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தேன். பாலசுந்தரியைக் கேட்கவும் வழியில்லை, முடிந்த வேலைக்கு நிறம் கேட்பார்களா? அலுமாரிக்கு மினுங்குகிற எண்ணெய்ப் பெயின்டும், கதிரைகளுக்கு, குந்தினால் வழுக்கக் கூடாதே என்று, மினுங்காத தண்ணிப் பெயின்டும் வாங்கினேன்.

கதிரைகளின் பழைய பெயின்டைத் தேய்க்காமலே அடித்தேன். அது பாலாடை மாதிரி கையோடு உரிந்து வந்தது. பிறகு வெறும் பலகை தெரியத் தேய்த்து மறுபடி அடித்தேன். மகோகனிப் பலகையின் சாயம் ஊறி, விடிந்து பார்த்தால் கதிரை எல்லாம் ரோசாப்பூ நிறம். கடைக்கு ஓடினேன். "பிரைமர் அடிச்சீங்களா அங்கிள்?" "அது ஆரு புள்ள?" என்று கேட்டு வைத்தேன். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு டின்னை எடுத்துத் தந்தது. அதையும் அடித்து, மேலே கையில் கிடைத்த வெள்ளையையும் அடித்தேன், அலுமாரியையும் அடித்து முடித்தேன். அதற்குள் வாவிப் பக்கத்தால் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் ஒன்றும் காயவில்லை, விளக்கு வைக்கிற நேரம் ஈசல் கூட்டம் வந்து அலுமாரிக் கதவில் குடியேறிவிட்டது. அதை நான் ஊசியால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டிருக்க, களுதாவளைக் கோயிலுக்குப் போகப் புறப்பட்ட பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை உள்ளே வந்து, நான் கத்தமுதல் கதிரையில் இருந்துவிட்டா.

எழும்பித் திரும்பிப் பார்த்து, "ஐயோ அண்ணே, என்ட பட்டுச்சீலை! இது காயல்லியா?" என்று போட்ட சத்தத்தில் ரோட்டால் போனவர்களும் வந்துவிட்டார்கள். "அப்ப பாலசுந்தரி எல்லாம் முடிஞ்செண்டு சொன்னாவே?" என்றும் கேட்டா. இதே கேள்வியை அவ பாலசுந்தரிக்குப் போன் எடுத்துக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது அலுமாரி ஒரு வெள்ளை, கதிரைகள் வேறு வெள்ளை. காலையில் ஒன்றுபோலத்தான் தெரிகிறது, பின்னேர வெயில் பட்டால் இரண்டும் சண்டை பிடிக்கிறது.

ஆகவே மச்சான், அவளை நாலு நாள் அங்கேயே மறியுங்கள். கண் டொக்டரிடம் காட்டுங்கள். மருந்து விட்டால் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியுமாம், முடிந்தால் அப்படியே பஸ் ஏற்றிவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல் வாழப் பிள்ளையாரைக் கும்பிடும்,

வினாயகமூர்த்தி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக பாலசுந்தரி போன் எடுத்தாள். பயணத்தைச் சித்திரை வரைக்கும் தள்ளிப் போட்டாளாம். "வீட்டு வேலையெல்லாம் நீங்க வடிவா முடிச்சிட்டீங்கதானே, இனி எனக்கு என்ன அவசரம்? பேரனோட கொஞ்ச நாள் இருந்துட்டு வாறன்" என்கிறாள். சித்திரை மட்டும் நான் இந்த வீட்டில் தனியே என்ன செய்ய, மச்சான்? எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இது கிடைத்த உடனே நீங்களே அவளுக்குப் போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை.