சராசரி மழை

மனித இனம் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திய நாளில்தான் வானிலை ஒரு விஞ்ஞானமாக மலர்ந்தது என்பது என் அசைக்க முடியாத துணிபு. இதற்கு நடமாடும் சான்று எங்கள் நகர வானிலை அலுவலகத்தின் இயக்குநர். அறைக்குள் காலெடுத்து வைத்ததும் அவர் செய்யும் முதல் காரியம், சன்னல் திரையை இழுத்து மூடுவது. வெளிச்சம் கணினியில் பட்டுக் கண் கூசுமாம். பிறகு மழையைக் கணக்கிட்டுச் சொல்லும் நான்கு கணினி மாதிரிகளின் வாரக் கணிப்புகளை நான்கு திரைகளில் திறந்துவைத்து, இடமிருந்து வலமாக ஒருமுறையும் வலமிருந்து இடமாக ஒருமுறையும் கழுத்தைத் திருப்புவார். கழுத்து வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு பார்ப்பாரே தவிர, பாராத நாளில்லை. சொட்டச் சொட்ட நனைந்து வருபவரிடம், "வெளியில மழையா? திரையில இல்லையே?" என்று கேட்டுச் சந்தேகத்தோடு நோக்கும் அறிவு நேர்மை வேறு யாருக்கு வரும்?

அவருக்கு நாங்கள் அன்போடு சூட்டிய பெயர் ‘ஒருபக்கம்’. "ஒரு பக்கம் பார்த்தா மழை வரும், இன்னொரு பக்கம் பார்த்தா வராது" என்பது அவர் வாக்கு. அந்த வாக்கு இன்றுவரை பொய்த்ததே இல்லை.

மாதிரிகளுக்கும் பெயர் உண்டு. உலகமே மதிப்பதும், மெல்ல யோசித்து வாய் திறப்பதுமான மாதிரி ‘பெரியவர்’. மணிக்கொரு பேச்சுப் பேசுவது ‘அவசரக்காரர்’. எந்த வாரமானாலும் கொட்டித் தீர்க்கும் என்பது ‘அழுகுணி’. எதற்கும் சலனமின்றி வறண்ட வானத்தையே காட்டுவது ‘சாமியார்’. ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தில் ஒரு கட்சி இருந்தது. பெரியவர் கட்சியினர் அழுகுணி கட்சியினரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். விஞ்ஞானம் அவ்வளவு ஆழமாக எங்களுக்குள் இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை தோறும் ‘மாதிரி ஒப்பீட்டு உயர்நிலைக் கூட்டம்’ நடைபெறும். அதற்குக் குறிப்பெழுதும் பேறு எனக்கு.

"செவ்வாய்க்கிழமை வானம் பொத்துக்கிட்டு ஊத்தப் போகுது சார். அழுகுணி அடிச்சுச் சொல்லுது" என்றார் வரைபடக்காரர்.

"அது எந்த வாரந்தான் அழாம இருந்துச்சு? பெரியவர் வியாழக்கிழமைங்கிறார்" என்றார் புள்ளிவிவரக்காரர்.

"அவசரக்காரர்?" என்று கேட்டார் இயக்குநர்.

"காலையில செவ்வாய்னார். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா வியாழன்ங்கிறார்."

"சாமியார்?"

"மௌனம் சார்."

இயக்குநர் கண்களை மூடித் திறந்தார். "யார் மனசும் நோகக் கூடாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல என்ன?"

"புதன் சார்."

"அழுகுணி கொட்டும்ங்குது. சாமியார் ஒரு சொட்டு இல்லைங்கிறார். அதுக்கு நடுவுல?"

"மிதமான மழை சார்."

"எழுதிக்குங்க. புதன்கிழமை, மிதமான மழை. பள்ளிக்கூடங்களுக்கு அன்னைக்கு லீவு விடச் சொல்லிடுங்க."

நான்கு மாதிரிகளும் ஒற்றுமையாக ‘மழை இல்லை’ என்று காட்டிய ஒரே நாள் புதன்கிழமைதான். ஆயினும் சமரசம் என்ற உயர்ந்த பண்பின் முன் அந்த அற்ப விவரம் எம்மாத்திரம்?

தவளைகள் சில கூடி, வந்துகொண்டிருக்கும் பாம்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று விவாதித்தனவாம். ஒன்று மலைக்கு அப்பால் என்றது. இன்னொன்று காலடியில் என்றது. எல்லாம் கலந்து பேசி, பாம்பு தோப்பருகே இருப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றின. தீர்மானத்தை மதியாமல் நடந்துகொண்டது பாம்புதான். ஆனால் கதை சொல்பவர்களோ தவளைகளைத்தான் பழிக்கிறார்கள். உலகில் நீதி எங்கே இருக்கிறது?

கூட்டத்தின் நடுவே இயக்குநரின் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் அவருடைய அக்கா. கால்வாயை ஒட்டிய தாழ்வான தெருவில், கீழ்வீட்டில் மெத்தை தைப்பவர். குரல் அறை முழுவதும் கேட்டது.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரி மெத்தையெல்லாம் கீழ அடுக்கி வச்சிருக்கேன். மேல தூக்கவா, வேணாமா?"

"அக்கா, அதெல்லாம் ஒத்த வார்த்தையில சொல்ற விஷயமா? ஒரு பக்கம் பார்த்தா..."

"நீ எந்தப் பக்கம் வேணா பாரு. தூக்கினா தையல் ஒருநாள் நின்னுபோகும். வெள்ளிக்கிழமை வண்டி வந்து நிக்கும். மெத்தை இல்லைன்னா ஆர்டர் ஃபேக்டரிக்குப் போயிடும். அதான் கேக்கறேன். தூக்கவா?"

இயக்குநர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். தீர்மானத்தின் மை இன்னும் காயவில்லை. "புதன்கிழமைதான்க்கா மழை. அதுவும் மிதமாத்தான். புதன் காலையில ஆள் வச்சுத் தூக்கிக்கோ."

"நீ சொன்னா சரி" என்று அக்கா வைத்துவிட்டார்.

கூட்டத்தின் கடைசிப் பொருள், தரைத்தளத்தில் உள்ள எங்கள் கணினிகள், திரைகள், நாற்காலிகள் ஆகியவற்றை அன்று மாலையே மாடிக்கு ஏற்றுவது. "செவ்வாய்க்கிழமை வந்தாலும் வந்துடும், தூக்குங்க" என்றார் இயக்குநர். வரைபடக்காரரும் புள்ளிவிவரக்காரரும் ஆளுக்கொரு பக்கமாக ஒரே மேசையைப் பிடித்தார்கள். எங்கள் வரலாற்றில் விவாதமின்றி ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் வானம் பொத்துக்கொண்டது. கால்வாய் தன் எல்லையை மறந்து தெருவுக்குள் உலாவச் சென்றது. புதன்கிழமையோ, வெயில் கொளுத்தியது. ‘மழை விடுமுறை’ பெற்ற பிள்ளைகள் சாலையில் பந்து விளையாடினார்கள். எங்கள் அறிவிப்பை மதித்துக் குடை கொண்டுவந்திருந்த நற்குடிமக்கள் அதை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வெயிலில், முழங்கால் வரை சேற்றோடு அக்கா அலுவலக மாடியேறி வந்தார். கையிலிருந்த ஓர் ஈரக் கட்டியை இயக்குநரின் மேசைமேல் ‘சொத்’தென்று போட்டார்.

"இது என்ன, சொல்லு."

"பஞ்சுக்கா."

"நேத்து வரைக்கும் பஞ்சு. இன்னைக்குக் கருங்கல்லு. ஒரு மெத்தையை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியல."

"கணிப்பு முழுசா தப்புன்னு சொல்ல முடியாதுக்கா. ஒருநாள் முந்திக்கிச்சு. அளவு கொஞ்சம்..."

அக்கா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ ரூம் காலியாக் கிடக்கு. குப்பைக்கூடை மொதக்கொண்டு மேல வந்திருக்கு. எப்போ ஏத்துனீங்க?"

குறிப்பெழுதுபவன் என்ற கடமையுணர்வால் நான்தான், "திங்கட்கிழமை சாயங்காலம்மா" என்றேன்.

"ஓகோ. எந்த மாடல் சொல்லுச்சு தம்பி, உங்க நாற்காலியைத் தூக்கச் சொல்லி?"

"ஒரு பக்கம்..." என்று தொடங்கினார் இயக்குநர். இன்னொரு பக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பணிக்காலத்தில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை.

அவர் எழுந்து சட்டைக்கையை மடித்தார். விடுப்பு எழுதி என்னிடம் நீட்டிவிட்டு அக்காவின் பின்னால் படியிறங்கினார்.

வியாழக்கிழமை பகலில், புதிய அறிவிப்புக்கு அவரிடம் கையெழுத்து வாங்குவதற்காக அக்கா வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மாடி முழுவதும் பஞ்சு. இயக்குநர் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டிகளை விரலால் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். புருவத்திலும் மீசையிலும் பஞ்சு. முந்தைய நாள் இரவு வரை மெத்தைகளின் தையலைப் பிரித்ததில் விரல்களில் கொப்புளம். அக்கா ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடித் திங்கட்கிழமை வரை தவணை வாங்கியிருந்தார்.

"முக்காவாசி காஞ்சிடுச்சு" என்றார் அக்கா என்னிடம். "இன்னொரு தரம் நனைஞ்சா குப்பைக்குத்தான்."

நான் தாளை நீட்டினேன். "சார், பெரியவர் இன்னைக்குக் கனமழைங்கிறார், சாமியார் இல்லைங்கிறார். அதனால ‘லேசான தூறல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’னு முடிவு பண்ணியிருக்கோம். ஒரு கையெழுத்து..."

அவர் தாளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே, நீர்த்தொட்டிக்கு அப்பால், வானத்தின் ஓரம் கறுத்திருந்தது. காற்றில் ஒரு பஞ்சுத் துணுக்கு எழுந்து உருண்டது.

"அக்கா, மழை வருது! தூக்கு!"

மூவரும் வாரினோம். சால்வையிலும் சாக்கிலும் தலையணை உறையிலும் வாரினோம். அறிவிப்புத் தாளில்கூட ஒரு பிடி பஞ்சைச் சுருட்டினேன். அந்தத் தாள் பொதுமக்களுக்குப் பயன்பட்டது அப்படித்தான். கடைசி மூட்டை கதவுக்குள் போனதும் முதல் துளி விழுந்தது.

"இவ்வளவுதான்டா நான் திங்கட்கிழமை கேட்டது" என்றார் அக்கா, தம்பியின் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டபடி.

இயக்குநர் அடுத்த கட்டியை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.

எங்கள் அலுவலக வரலாற்றில் இத்தனை சுருக்கமான, இத்தனை துல்லியமான, உரிய நேரத்தில் வந்து சேர்ந்த எச்சரிக்கை இதற்குமுன் வெளியானதே இல்லை என்று குறிப்பில் எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தேன். உண்மை என் கையைப் பிடித்துக்கொண்டது. இதற்குமுன் ஒருமுறை வெளியாகியிருக்கிறது. திங்கட்கிழமை மாலை, நாற்காலிகளுக்கு மட்டும்.