பூ ஜாடிக்கு ஒரு ஜாக்கெட்

அந்தப் பொம்பளைக்கு ஜாக்கெட் இல்லை. கன்னையாவின் பிரச்சனை அவ்வளவுதான்.

பொம்பளை இருந்தது ஒரு பூ ஜாடியில். ஜெர்மனியில் இருநூறு வருஷத்துக்கு முந்தி செய்த பீங்கான் ஜாடி. வாயைச் சுற்றித் தங்கப்பூச்சு, உடம்பெல்லாம் கையால் வரைந்த ரோஜாப்பூ, நடுவில் ஒரு மரம். மரத்தடியில் அவள், ரெண்டு தோளும் தெரிய கவுனை வழியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருத்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திருப்பதியிலிருந்து அதைப் பரிசாக அனுப்பி வைத்தது சம்பந்தி ஆகப்போகிற பச்சையப்பன். இன்றைக்குக் கன்னையாவின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். விடிந்ததும் போன் வந்துவிட்டது.

"எங்க தாத்தா துரை பங்களா ஏலத்துல எடுத்தது சம்பந்தி. இப்ப தேடினாலும் கெடைக்காது. ஹால் நடுவுல வைங்க. வந்ததும் அதத்தான் மொதல்ல பாப்பேன்."

ஒளித்து வைக்க வழியில்லை. ஹாலில் வைத்தால் இங்கே நகரியில் இருக்கிற சொந்தமெல்லாம் பார்க்கும். முக்கியமாகப் பெரியம்மா வள்ளியம்மாள் பார்ப்பாள். அவள் வாயில் விழுந்த சங்கதி சாயங்காலத்துக்குள் புத்தூர் போய்விடும். ஊருக்கெல்லாம் புடவை நெய்கிற பவர்லூம்காரன் வீட்டில், நட்ட நடு ஹாலில், ஒருத்தி இப்படியா? கன்னையா முடிவு பண்ணிவிட்டார். அவர் முடிவு பண்ணினால் பண்ணினதுதான்.

முதலில் மல்லிகைச் சரத்தை ஜாடியின் கழுத்தில் போட்டு, தோளை மறைத்தார்.

வள்ளியம்மாள் உள்ளே வந்ததும் ஜாடியைப் பார்த்துக் கைகூப்பினாள். "யாரு செத்துப்பூட்டாங்க?"

சரத்தைப் பிடுங்கி எறிந்தார்.

வாசலில் நாகையா நிச்சயதார்த்த போர்டு எழுதிக்கொண்டிருந்தான். ரேணிகுண்டா லாரி ஷெட்டில் பெயின்டர். கன்னையா ஜாடியோடு அவனைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரு ஜாக்கெட் போடுப்பா. மயில்கழுத்து கலரு. கையில அரக்கு பார்டர்."

கல்யாணப் பெண் அகிலா பாதிப் பின்னலோடு ஓடி வந்தாள். "நைனா, அதுல கைய வெக்காத. திருப்பதி மாமாவுக்கு அது உசிரு. கல்யாணம் நின்னுபூடும்."

"மானம் போனாலும் நின்னுபூடும். நீ போய் தல பின்னிக்கோ."

ஜாக்கெட் நன்றாகத்தான் வந்தது. அதுதான் வினை. வெள்ளைக்காரியாக இருந்தவரை யாரோ என்னவோ. ஜாக்கெட் போட்டதும் பக்கத்துத் தெருப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். பக்கத்துத் தெருப் பெண் கையை எவனோ பிடித்துக்கொண்டிருந்தான்.

"இவன் யாரு இவளுக்கு?" என்றார் கன்னையா.

"நாக்கேமி தெலுசு அன்னா? எனக்கு இன்னா தெரியும்?"

"ஒரு தாலி போட்டுடு. பொட்டும் வெச்சிடு."

தாலி ஏறியது. இப்போது அவன் புருஷன். புருஷனுக்குத் தலை முழுக்க வெள்ளை. அந்தக் காலத்து துரைமார் வெள்ளை டோப்பா மாட்டிக்கொள்வார்கள் என்பது நகரியில் யாருக்குத் தெரியும்?

"கெழவனுக்குச் சின்னப் பொண்ண கட்டிவெச்சா மாதிரி கீதே. நிச்சயதார்த்த வூட்ல இத பாத்தா இன்னா பேசுவாங்க? தலையக் கறுப்பாக்கு. ஒரு மீசையும் வை."

நாகையா கறுப்பாக்கினான், மீசை வைத்தான். திருப்பதி லாரிக்கெல்லாம் எழுதி எழுதிப் பழகிய கை, கேட்காமலே நெற்றியில் ஒரு நாமமும் போட்டது.

அகிலா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நைனா, இது மாமா."

கன்னையா உற்றுப் பார்த்தார். அதே மீசை, அதே நாமம். பச்சையப்பன், யாரோ ஒரு மயில்கழுத்து ஜாக்கெட்காரியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"அழிடா!"

தின்னர் துணியை வைத்துத் தேய்த்தான் நாகையா. லாரிப் பெயின்ட்; மீசை அசையவில்லை. ஜாடி வாயிலிருந்த தங்கப்பூச்சு அழகாகத் துணியோடு வந்தது.

வாசலில் கார் சத்தம். "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று வள்ளியம்மாள் கத்தினாள். கன்னையா ஜாடியை எடுத்துப் போய் ஹால் நடுவில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டார். ஆள் ஒல்லி. ஜாடி அகலம்.

பச்சையப்பன் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியைத் தடவித் தடவி உட்கார்ந்தார்.

அகிலாவின் கண் நிறைந்துவிட்டது. பாழாய்ப்போன மானத்துக்காகப் பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே என்று கன்னையா கைகூப்பினார்.

"சம்பந்தி, தப்பு என்னோடது. பொண்ணு வேணாம்னுதான் சொன்னா."

மாப்பிள்ளையின் அம்மா லட்சுமம்மா ஜாடி பக்கத்தில் போய்க் குனிந்தாள். ஜாக்கெட்டைப் பார்த்தாள். தாலியைப் பார்த்தாள். மீசையையும் நாமத்தையும் பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவளுக்கு ஒரு ஜாக்கெட் போட்டு வுடுங்கன்னு இவருகிட்ட கத்திக்கினு கீறேன், அவ மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் பரிசுன்னு சொல்லி உங்க வூட்டுக்குத் தள்ளிவுட்டேன், தட்ட மாத்துங்க சம்பந்தி, அகிலாவோட இவளையும் எங்க வூட்டுக்கே அனுப்பிடுங்க."