துபாய்க்காரர் வண்டி பார்க்கிறார்

"ஏறி உக்காருங்க மச்சான். ஸ்டியரிங் உங்களுக்குத்தான் காத்துக் கெடக்கு" என்றான் காலித்.

முகம்மது ஹனீப் ஏறினார். ஆனால் பின் கதவைத் திறந்து, பின் இருக்கையில்.

"அங்க எதுக்குப் போறிய?"

"முன்னால உக்காந்து வண்டி பாக்கிறவன் ஏமாந்து போவான் மாப்ள. குலுங்குதா இல்லையான்னு பின்னால இருந்தாத்தான் தெரியும்."

காலித் அசந்துபோனான். "பாத்தியா லாத்தா, அனுபவம் பேசுது" என்று அக்கா ஆபிதாவிடம் சொன்னான்.

"அவுக அங்கயே உக்காரட்டும்" என்று ஆபிதா நகர்ந்து இடம் கொடுத்தாள். ஷோரூமிலிருந்து வந்திருந்த பிரேமலதா மறுபேச்சுப் பேசாமல் தானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் அந்த வெள்ளை வண்டியை உருட்டினாள். ஹனீப் மூச்சு விட்டார்.

விஷயம் இதுதான். ஹனீபுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

தெரியாதது ஒரு குற்றமில்லை. தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறவருக்குத் தையல் மெஷின் ஓடினால் போதும். ஆனால் கல்யாணத்துக்கு முன் அவர் துபாயில் ஒரு ஷேக் வீட்டில் வேலை பார்த்தார். வேலை, வண்டிகளைக் கழுவுவது. கழுவி முடித்த பெரிய வண்டி ஒன்றில் சாய்ந்து நின்று எடுத்த போட்டோ ஊருக்கு, மேலப்பாளையத்தில் ஆபிதாவின் வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளை ஷேக்குக்கே வண்டி ஓட்டுகிறார் என்று அவர்கள் தாங்களாகவே முடிவுசெய்துகொண்டார்கள். ஹனீப் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் போட்டோ இன்றைக்கும் ஆபிதாவின் பீரோக் கதவில் இருக்கிறது.

இப்போது மகளுக்கு மேலப்பாளையத்தில் கல்யாணம். பட்டறையும் நன்றாக ஓடுகிறது. பெரிய வண்டியாக வாங்கி, குடும்பத்தோடு அதிலேயே ஊருக்குப் போவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

"ஒரு டிரைவரப் போட்டுக்கிடலாம்" என்று ஹனீப் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"ஷேக்குக்கு ஓட்டின கை வீட்டுல இருக்கு, டிரைவர் எதுக்கு மச்சான்?" என்று காலித் சிரித்தான்.

ஆபிதா செம்பூரில் தையல் வகுப்புக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். கீழே பட்டறை நிறைய மெஷின் இருக்கும்போது தையலுக்குச் செம்பூர் எதற்கு என்று கேட்க ஹனீபுக்கு அப்போது மனமில்லை. மாமனார் வீட்டார் முன்னால் இத்தனை வருஷத்து மானம் கப்பலேறப் போகிறது. ஒரே வழிதான் தெரிந்தது. எந்த வண்டியும் பிடிக்கக்கூடாது.

வெள்ளை வண்டி மாஹிம் வரை போய்த் திரும்பியது.

"பின்னால முதுகுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் ஆபிதா.

"முதுகு கெடக்கட்டும். வண்டி சின்னது. கால நீட்ட முடியல."

அடுத்த ஞாயிறு பிரேமலதா இன்னும் பெரிய கறுப்பு வண்டியோடு வந்தாள். அது தெருமுனையில் திரும்பியபோது ஒரு கைவண்டியும் இரண்டு ஆடுகளும் பின்வாங்க வேண்டியிருந்தது. ஹனீப் பின்னால் சாய்ந்து, சயான் வரை போய்வந்து, குறை தேடினார். வண்டியில் குறை என்று ஒன்றுமே இல்லாதது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"முதுகுக்கு எப்படி?" என்றாள் ஆபிதா.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆட்டோமேட்டிக்காம்ல. தானா ஓடுத வண்டிய ஓட்டுததுல என்ன இருக்கு? பொம்பளைக வண்டி."

ஆபிதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிரேமலதாவிடம் திரும்பி, "அடுத்து கியர் வண்டியே கொண்டாம்மா" என்றாள்.

தானே போய்த் தலையைக் கொடுத்திருக்கிறோம் என்பது ஹனீபுக்கு வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது.

மூன்றாவது வண்டி சிவப்பு. கியர் வைத்தது. ஹனீப் பின் கதவைத் திறந்தார். உள்ளே காலித்தின் மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டு மாரீஸ்வரி, அவள் மாமியார் என்று கடைசி வரிசை வரைக்கும் நிரம்பி வழிந்தது.

"மச்சான் ஓட்டுததப் பாக்கணும்னு எல்லாத்தையும் நாந்தான் கூட்டியாந்தேன்" என்றான் காலித்.

"அவுகளுக்கு எடம் விடுலே. பின்னாலயே வரட்டும்" என்றாள் ஆபிதா.

"எடமே இல்ல லாத்தா."

ஹனீப் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பிரேமலதா பக்கத்தில் அமர்ந்தாள். ஹனீப் கைக்குப் பட்ட எதையோ திருக, வைப்பர் ஆட ஆரம்பித்தது.

"கண்ணாடி அழுக்கா இருக்கு" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கண் தப்பாது.

பிறகு எதையோ அமுக்கி, எதையோ மிதித்தார். வண்டி ஒரு குதி குதித்து, ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்று அணைந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "அரே சாச்சா, காடி ஹை கி சோஃபா?" என்று, இது வண்டியா சோபாவா எனக் கேட்டார்.

"துபாய்ல ஸ்டியரிங் எடது பக்கம்லா. அதான் மச்சானுக்குத் தடுமாறுது" என்று எல்லோருக்கும் விளக்கிவிட்டு, காலித் டிராஃபிக்கை ஒதுக்க இறங்கினான். வேடிக்கை பார்க்க மற்றவர்களும் இறங்கினார்கள். "எல்லாத்துக்கும் சர்பத் வாங்கியாறேன்" என்று ஆபிதாவும் போனாள்.

ஹனீபின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இனி ஒளிக்க இடமில்லை.

"எம்மா, ஒரு உதவி செய்யணும். இந்த வண்டி ஸ்டாக் இல்லன்னு சொல்லிரு."

"ஏன் சார், பிடிக்கலையா?"

"புடிச்சிருக்கும்மா. அதான் பிரச்சினை." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஓட்டத் தெரியாது. துபாய்ல நான் வண்டி கழுவத்தான் செஞ்சேன். அந்தப் போட்டோவ நம்பி என்னக் கட்டிக்கிட்டவ அவ. இது தெரிஞ்சா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னதில் அவருக்கு நெஞ்சு லேசாகி, கண் கலங்கியது.

பிரேமலதா வைப்பரை நிறுத்தினாள்.

"மேடம் அதை முதல் நாளே சொல்லிட்டாங்க சார்; செம்பூர்ல டிரைவிங் கிளாஸ் முடிச்ச கையோட இந்த மூணு வண்டியையும் அவங்க ஓட்டிப் பார்த்தாச்சு, உங்களுக்கு எந்தப் பின் சீட்டு சௌகரியம்னு தெரிஞ்சா அதையே புக் பண்ணிடலாம்."