ஞானசேகரம் பூக்கட்டிப் பார்த்தார்

"இந்த வீட்டில இனி ஒருத்தற்ற உடம்பிலயும் ஒரு ஊசி இறங்கக் கூடாது!"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கதிரையை விட்டு எழும்பி நின்று, ஞானசேகரம் இப்படிப் பிரகடனம் செய்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர் அவர். முப்பதாயிரம் தொன் கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பார். வீட்டில் உள்ள இரண்டு பெண்களை ஓர் அங்குலம் நகர்த்த மட்டும் அவரால் ஏலாது.

"ஒரு ஊசியும் கூடாதோ?" குசினிக்குள் இருந்து மனைவி புஸ்பராணி கேட்டாள்.

"கூடாது!"

"அப்ப நாளையில இருந்து உங்கட இன்சுலினைத் தேத்தண்ணியில கலந்து தரட்டோ?"

பிரகடனத்தின் கம்பீரம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை மான் கொண்டுபோனது. முற்றத்தில் ஏதோ சரசரக்க, புஸ்பராணி அகப்பையோடு வெளியே ஓடினாள். திருகோணமலை மான்களுக்குக் காடு எது, வளவு எது என்ற வித்தியாசம் கிடையாது. படலை திறந்திருந்தால் விருந்துக்கு அழைத்ததாக நினைத்துக்கொள்ளும்.

"செவ்வரத்தம் பூவை வழிச்சுத் திண்டிட்டுது, அறுவான்!" என்று அவள் வெளியே நின்று கத்தினாள்.

"மானை விடும்! முதல்ல மானத்தைப் பாரும்!" என்று இவர் உள்ளே நின்று கத்தினார். பூமரங்களைப் பற்றி அவர் என்றைக்கு நினைத்தார், அன்றைக்கு நினைக்க?

மானம் போகும் அளவுக்கு நடந்தது இதுதான். மகள் லோஜினிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்து, கொழும்புப் பக்கம் கம்பஸ் அனுமதி கிடைத்திருந்தது. போவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முதல்நாள் பின்னேரம் வந்து, ஏதோ பாண் வாங்கக் காசு கேட்பது போலக் கேட்டாள்: காதின் மேற்பக்கத்தில் இன்னொரு ஓட்டை. மணிக்கட்டில் சின்னதாக ஒரு பச்சை. உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரருக்குப் பச்சை குத்துகிற கடையில் விசாரித்தும் விட்டாளாம்.

"காதில ஏற்கெனவே ரெண்டு ஓட்டை இருக்குத்தானே பிள்ளை? பத்தாதோ?"

"அது நீங்கள் குத்தினது அப்பா. எனக்கு அப்ப பல்லும் முளைக்கேல்லை. என்னைக் கேட்டே குத்தினனீங்கள்?"

"அது எங்கட வழக்கம்."

"அப்ப உங்கட முதுகில எட்டுத் தழும்பு இருக்கே, அது?"

ஞானசேகரம் அவசரமாக முதுகை மறைத்துச் சேட்டைப் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வயதில், முதுகில் எட்டு முள்ளுக் கொழுவிச் செடில் காவடி எடுத்தவர் அவர். "அது நேர்த்திக்கடன். துறைமுகத்தில வேலை கிடைக்கவேணுமெண்டு வச்சனான்."

"நானும் கம்பஸ் கிடைச்சால் காதில ஒண்டெண்டு நேர்த்தி வச்சனான்."

"எந்தச் சாமிக்கு?"

"எனக்கே."

இதற்குப் பதில் தெரியாத தகப்பன்மார் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். உரத்துக் கத்தினார். லோஜினி பதிலுக்குக் கத்தவில்லை. கதைப்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை உலுக்கியது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். கதையாவிட்டால் என்ன செய்வது? இந்தப் பன்னிரண்டு நாளும் இப்படியே போய், பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டால்? அங்கே போய்த் தன்னை மறந்துவிட்டால்? ஆனால் அவருக்கு இறங்கிப் போகவும் மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலையில், படகின் என்ஜின்காரர் கிண்ணியா முனாப் நானாவிடம் மனத்தைக் கொட்டினார்.

"எங்கட வீட்டில பச்சை குத்துற கதையே எழும்பாது தம்பி" என்றார் முனாப். "மார்க்கத்தில இல்லை. ஒரு சொல்லு. கதை முடிஞ்சுது."

"அப்ப உங்களுக்கு நிம்மதி நானா."

"என்ன நிம்மதி? மகன் தலைமயிருக்கு மஞ்சள் அடிச்சுக்கு நிக்கான். ஏன்டா எண்டு கேட்டா, அது கூடாதெண்டு எங்க எழுதியிருக்கு வாப்பா எண்டு கேக்கான்."

பிற்பாதி ஞானசேகரத்தின் காதில் ஏறவில்லை. முற்பாதி மட்டும் தங்கிவிட்டது. சாமி சொன்னால் கதை முடிஞ்சுது! அப்படியென்றால் தன்னுடைய சாமியையும் சொல்ல வைத்தால் என்ன?

வியாழக்கிழமை இராச்சாப்பாட்டில் மெல்ல எடுத்து விட்டார். "நான் சொல்லி நீங்கள் கேக்கிறேல்லை. நீங்கள் சொல்லி நானும் கேக்கேல்லை. பிள்ளையாரிட்ட விடுவம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூக்கட்டிப் பாப்பம்."

இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. சாமியின் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வந்த நிறம்தான் சாமியின் பதில். கலியாணப் பொருத்தத்தில் இருந்து காணி வாங்குவது வரைக்கும் அந்தத் தெருவில் இப்படித்தான் தீர்ப்பானது.

லோஜினி தாயைப் பார்த்தாள். புஸ்பராணி சோற்றைப் பிசைந்தபடி, "சரி" என்றாள்.

"வெள்ளை எண்டால் வேண்டாம். சிவப்பு எண்டால் ஓம். ஆனால் நான்தான் பூக்கட்டுவன். நீர் கட்டினால் பிள்ளையின்ர பக்கம் சாய்வீர்."

"சரி" என்றாள் மறுபடியும்.

கலியாணமாகி இருபத்தொரு வருடத்தில் புஸ்பராணி அடுத்தடுத்து இரண்டு தரம் 'சரி' சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த இடத்திலேயே அவர் உசாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், இருவரும் முழுகப் போன நேரம் பார்த்து முற்றத்துக்கு இறங்கினார். நந்தியாவட்டையில் வெள்ளைப் பூவாகப் பூத்துக் கிடந்தது. அதன் பால் கசப்பு என்பதால் மான்கூட வாய் வைப்பதில்லை. கைநிறையப் பிடுங்கினார். இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவையே வைத்தார். நாரால் இறுக்கிக் கட்டினார். எதை எடுத்தாலும் வேண்டாம்! பிள்ளையாருக்கும் யோசிக்கிற வேலை மிச்சம். கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தது. ஒரு தேங்காய் கூடுதலாக உடைப்பதாக நேர்ந்து அதைச் சரிக்கட்டினார்.

"ரெண்டிலயும் ஒழுங்காப் பூ வச்சனீங்களோ?" சீலையை உதறிக் கட்டியபடி புஸ்பராணி கேட்டாள்.

"ஓமோம். ஒண்டில நந்தியாவட்டை. மற்றதில செவ்வரத்தை."

"செவ்வரத்தையோ? எங்கால?"

"எங்கட மரத்திலதான். இப்பதான் பிடுங்கினனான்."

"நல்லது" என்றாள் அவள்.

தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் ஐயர் பொட்டலங்களை வாங்கித் தட்டத்தில் வைத்துச் சாமியின் காலடிக்குக் கொண்டுபோனார். லோஜினி கண்ணை மூடி நின்றாள். உதடு முணுமுணுத்தது. அதைப் பார்த்ததும் ஞானசேகரத்துக்கு ஏதோ செய்தது. பிள்ளை உண்மையாகவே நம்பிக் கும்பிடுகிறாள். இப்போதே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் புஸ்பராணி முன்னே வந்தாள்.

"ஐயா, கேள்வியை நான் கேக்கிறன். பத்து மாதம் சுமந்தவள் நான்."

"தாய் கேக்கிறதுதானே முறை" என்றார் ஐயர்.

கேட்கட்டும். யார் கேட்டால் என்ன? பொட்டலம் இரண்டும் என்னுடையது. ஞானசேகரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

புஸ்பராணி கைகூப்பி, கோயில் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "பிள்ளையாரப்பா! காது, மூக்குக் குத்த விடாமல் இந்த மனிசன் இனியும் எங்களை மறிக்கலாமோ? ஓமெண்டால் சிவப்பைத் தா. வேண்டாமெண்டால் வெள்ளையைத் தா!"

ஞானசேகரத்தின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

ஐயர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நாரை அவிழ்த்தார். "வெள்ளை! மறிக்க வேண்டாமெண்டு உத்தரவு!"

"ஐயா, அது... கேள்வி வந்து..." ஞானசேகரம் இழுத்தார்.

"என்ன, சந்தேகமோ? மற்றப் பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டட்டே?" ஐயர் தட்டத்தில் கை வைத்தார்.

"வேண்டாம்!" ஞானசேகரம் பாய்ந்து விழாக்குறையாகத் தடுத்தார். "சாமியைச் சந்தேகப்படக் கூடாது ஐயா. பாவம்!"

நேர்ந்த கூடுதல் தேங்காயை அவரே உடைத்தார். அது ஒரே அடியில் சிதறியது. சகுனம் மகா நல்லது என்று ஐயர் வேறு சொன்னார்.

திரும்பி வரும் வழியில் புஸ்பராணி மகளிடம் கறாராகச் சொன்னாள்: "காதுக்குத்தான் உத்தரவு. பச்சைக்கு இல்லை. ஓட்டை பிடிக்காட்டில் தோட்டைக் கழட்டலாம், தூர்ந்துபோகும். மை அப்பிடி இல்லை. இருபத்தொரு வயசில உனக்கு அதே ஆசை அப்பவும் இருந்தால், நானே கூட்டிக்கொண்டு போறன்."

லோஜினி யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். "சரி அம்மா. நங்கூரம் எங்கயும் ஓடிப்போகாதுதானே."

"என்ன நங்கூரம்?" என்று கேட்டார் ஞானசேகரம். ஐந்து நாளைக்குப் பிறகு அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"கையில குத்தக் கேட்டது அதைத்தான் அப்பா. உங்கட வேலைத் தொப்பியில இருக்கிற நங்கூரம். அங்க தனியப் போய் இருக்கேக்க பாக்கலாமெண்டு."

அவர் கடற்காற்றில் கண்ணுக்குள் மண் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். அன்றைக்குக் காற்றே இல்லை. என்ன படம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த வாரம் முழுக்கச் சண்டையே வந்திராது. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அது போதும்.

சனிக்கிழமை மூவரும் நகைக்கடைக்குப் போனார்கள். லோஜினி கதிரையில் இருந்தாள். ஞானசேகரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'டக்' என்றது. "ஐயோ!" என்ற சத்தம் தகப்பனிடமிருந்துதான் வந்தது. மகள் சிரித்தாள். காதின் மேலே ஒரு சின்ன வெள்ளைக்கல் மினுங்கியது. உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது.

லோஜினி எழும்பிய கதிரையில் புஸ்பராணி இருந்தாள்.

"உமக்கென்ன, கால் உளையுதோ?"

"இல்லை. மூக்குக் குத்த."

"ஆரைக் கேட்டு?"

"பிள்ளையாரைக் கேட்டு. 'எங்களை மறிக்கலாமோ' எண்டுதானே கேட்டனான்? நீங்களும் பக்கத்தில கன்னத்தில போட்டுக்கொண்டு நிண்டனீங்கள். கலியாணம் கட்டின வருசம் மூக்குத்தி வேணுமெண்டு கேட்டன். வடிவான மூக்கில ஏன் ஓட்டை எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டீங்கள்."

'டக்' என்றது மறுபடியும்.

வீட்டுக்கு வரும்போது லோஜினி போனில் தன் காதைப் படம் பிடித்தபடி முன்னே போனாள். ஞானசேகரம் மனைவியின் பக்கத்தில் மெல்ல ஒட்டி நடந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இஞ்சரும்... ரெண்டிலயும் வெள்ளைதானெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"பிள்ளைக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். பயப்பிடாமல் வாங்கோ."

"அதுசரி, எப்பிடித் தெரியும்?"

புஸ்பராணி நின்று, வீங்கிய மூக்கை அவருக்கு நேரே திருப்பினாள்.

"செவ்வரத்தையை மான் மொட்டும் விடாமல் திண்டு அஞ்சு நாளாச்சுது. எங்கட வீட்டில இப்ப சிவப்பா இருக்கிறது இந்த மூக்கு ஒண்டுதான்."