மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த கண்ணாடி, ஓவர்சியர் பாலகிருஷ்ணனின் சைக்கிள் சீட்டை இரண்டாகப் பிளந்தது. அவர் அப்போதுதான் அதிலிருந்து இறங்கியிருந்தார்.

"லாசரஸ்!"

கண்ணாடி வேலைக்கு மண்டோரான, அதாவது மேஸ்திரியான, லாசரஸ் சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தான். இரண்டு அடி தள்ளி விழுந்திருந்தால் ஓவர்சியரே இரண்டாகியிருப்பார்.

டோபி காட் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த நாலு மாடி ஆபீஸ் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அதுதான் புது நாகரிகம். இரும்புச் சட்டத்தில் திருகும் கிடையாது, ஆணியும் கிடையாது. வெளிநாட்டுப் பசையைத் தடவிக் கண்ணாடியை ஒட்டிவிட வேண்டும். செம்பவாங்கில் பதினைந்து வருஷம் புட்டி என்கிற மக்கு வைத்து ஜன்னல்களில் கண்ணாடி பதித்த லாசரஸுக்கு இந்தப் பசை மேல் முதல் நாளே நம்பிக்கை வரவில்லை.

"கிழக்குப் பக்கம் ஒண்ணுகூட அசையல சார். இங்கதான், மத்தியான வெயில்ல..."

"வெயில்ல இரும்பு நீளும். கண்ணாடி அந்த அளவுக்கு நீளாது. நடுவுல மாட்டின பசை கிழியுது. இதுகூடத் தெரியாதா?" என்றார் பாலகிருஷ்ணன். அவருக்கே அது முந்தின நாள் துரை சொல்லித்தான் தெரியும். "சனிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள இது விழுறதை நிறுத்தலன்னா, ரூமைக் காலி பண்ணிக்க லா."

லாசரஸுக்கு வேலையோடு கிடைத்த ஒரே ஓர் அறை. அதில் மனைவி அல்போன்சம்மாளும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை.

அன்று சாயங்காலமும் வழக்கம்போல, மறுநாள் ஒட்டவேண்டிய சட்டங்களைக் கையாள் மருதப்பன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்தான். லாசரஸ் வாசலில் நின்றான். காவல்காரர் பெர்னார்ட், தினமும் விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு வேலையாட்களுக்கு முன்பே வந்துவிடுகிற பக்திமான்.

"மேற்குப் பக்கம் ஆரம்பிச்ச அன்னிக்கே செபம் பண்ணுங்கன்னு சொன்னேனே அண்ணே, மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா மண்டோர்? பண்ணிட்டுத்தான் இருக்கேன். இனிமே கொஞ்சம் அழுத்திப் பண்றேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் சட்டங்கள் பளபளத்தன. "நல்லாத் துடைச்சிருக்கே," என்று லாசரஸ் மருதப்பனைத் தட்டிக்கொடுத்தான். தான் அவ்வளவு நன்றாகத் துடைத்த ஞாபகம் மருதப்பனுக்கு இல்லை. கிடைத்த பாராட்டை வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை.

பசையை இரண்டு மடங்கு கனமாகப் பூசினார்கள். மூன்று மணிக்கு மூன்று கண்ணாடிகள், விடைபெற்றுப் போகிற விருந்தாளிகள் மாதிரி நிதானமாகச் சரிந்து விழுந்தன.

"பசை ஜாஸ்தியானா இளகாதா?" என்று பாலகிருஷ்ணன் கத்தினார். ஜாஸ்தியாகப் போடச் சொன்னவரும் அவர்தான்.

புதன்கிழமை சுவரை மறைத்துத் தார்ப்பாய் கட்டினார்கள். வெயில் உள்ளே வரவில்லை. வந்திருந்த சூடு வெளியே போகவும் இல்லை. தார்ப்பாய்க்குள் ரொட்டி சுட்டிருக்கலாம். ஏழு கண்ணாடிகள் உள்ளுக்குள்ளேயே நொறுங்கின.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் பலமா..." என்றான் லாசரஸ், வாசலைத் தாண்டும்போது.

"எனக்கே வெக்கமா இருக்கு மண்டோர். நாளைக்குப் பாருங்க," என்றார் பெர்னார்ட்.

வியாழக்கிழமை, சுட்டால்தானே விழுகிறது, குளிரவைத்துவிடலாம் என்று லாசரஸுக்கு ஒரு யோசனை வந்தது. மருதப்பன் சாரத்தில் நின்று குழாயால் தண்ணீர் பீய்ச்சினான். கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடியில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், வரிசை முழுவதும் படீர் படீரென்று வெடித்தது. ஒரு துண்டு மருதப்பனின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு போயிற்று.

லாசரஸ் தன் சட்டையைக் கிழித்துக் கையைச் சுற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போகிற லாரியில் மருதப்பன் முனகினான்.

"மண்டோர், நான்தான் சட்டத்தைச் சரியாத் துடைக்கலையோ?"

"நீ நல்லாத்தான்டா துடைச்சே. எல்லாம் பாழாப்போன வெயில்."

சொல்லிவிட்டு லாசரஸ் வாய்விட்டு அழுதான். தன் யோசனையால் போன விரல்கள் என்பது அவனுக்கு ஆறவே இல்லை.

வெள்ளிக்கிழமை துரைக்கு ரிப்போர்ட் போய்விட்டது. மேற்கு வெயிலுக்கு இந்தப் பசை தாங்காது, அந்தப் பக்கம் செங்கல் சுவர் எழுப்பலாம், மண்டோரை நீக்கலாம். பாலகிருஷ்ணன், லாசரஸின் முகத்தைப் பார்க்காமல் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வெளியே கைவண்டியில் பெட்டியும் பாயும் ஏறியிருந்தன. அல்போன்சம்மாள் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். லாசரஸ் வாசலில் ஒரு நிமிஷம் நின்றான்.

"உங்க செபமும் பலிக்கலையே அண்ணே. கிழக்குப் பக்கம் மட்டும் நின்னுச்சு. அதுக்கு வேற மாதிரி செபம் பண்ணீங்களா?"

பெர்னார்டின் கண் கலங்கிவிட்டது.

"கிழக்குப் பக்கத்தை நான் தொட்டதே இல்ல மண்டோர், மேற்குப் பக்கம்தான், நீங்க சொன்ன நாள்லேருந்து, தினம் காலையில நீங்க பசை போடுறதுக்கு முந்தி, மாதா பீடத்து விளக்கு எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு சட்டத்துலயும் சிலுவை போட்டேன், நேத்து மனசு கேக்காம சட்டம் முழுக்கவே தடவிட்டேன்!"